பழைய வீட்டின் மேல் மாடி கட்டிப் புதுப்பிக்கப் போகிறீர்களா? இந்த வரிசையில் செய்யுங்கள்

குரோம்பேட்டையில் என் மாமனார் 1986ல் கட்டிய வீடு எங்களுடையது. ஒரு கிரவுண்டு மனை, கீழே 850 சதுர அடி, மேலே வெறும் மொட்டை மாடி. மாமியாருக்குக் கீழேயே குளியலறையோடு ஓர் அறை வேண்டும், பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் மாடியில் இடம் வேண்டும், வீடும் இந்தக் காலத்து வீடு மாதிரி வெளிச்சமாக இருக்க வேண்டும். இதுதான் ஆசை. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட மனம் வரவில்லை, பணமும் இல்லை.

நாங்கள் முதலில் போனது முகப்புப் படம் போடுபவரிடம். கம்ப்யூட்டரில் அழகான எலிவேஷன் கையில் வந்த பிறகுதான் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தோம். அதற்கும் பிறகுதான் கீழ்த்தளம் மாடியைத் தாங்குமா என்று கேட்டோம். படத்துக்குக் கொடுத்த 15,000 ரூபாய் வீண், ஐந்து மாதமும் போனது. எந்த வரிசையில் செய்திருந்தால் அது போயிருக்காதோ, அந்த வரிசையைக் கீழே தருகிறேன். சென்னைப் புறநகரில் 1980, 90களில் கட்டிய தனி வீடு வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. பத்திரங்களைத் தரையில் பரப்பிப் பாருங்கள்

கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம் (உங்களுக்கு முன் இருந்த உரிமையாளரின் பத்திரம்), பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டு நகல், புல வரைபடம், வில்லங்கச் சான்றிதழ் (சொத்தின்மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்), பழைய கட்டட வரைபட அனுமதி, சொத்து வரி ரசீது, மின் கட்டண அட்டை. இந்த எட்டும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டாவும் புல வரைபடமும் வருவாய்த் துறை இணையதளத்திலேயே கிடைக்கின்றன. வில்லங்கம் பதிவுத் துறை இணையதளத்தில் கிடைக்கும். கடன் வாங்கப் போகிறீர்கள் என்றால் வங்கி வழக்கறிஞர் பொதுவாக 30 ஆண்டு வில்லங்கம் கேட்பார், அதையும் சேர்த்தே எடுத்து வையுங்கள்.

இருந்தால் மட்டும் போதாது, ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். எங்கள் பத்திரத்தில் 2,400 சதுர அடி, பட்டாவில் 2,370. நேரில் அளந்தால் இன்னும் கொஞ்சம் குறைவு. மூன்றில் எது குறைவோ அதை வைத்துத்தான் வரைபடம் போட வேண்டும் என்று பொறியாளர் சொன்னார். முப்பது சதுர அடிதானே என்று விட்டுவிடாதீர்கள். பக்கவாட்டில் விட வேண்டிய காலி இடம் அதில்தான் இடிக்கும்.

அடுத்தது பெயர். வீட்டைக் கட்டியவர் இறந்துவிட்டார், பத்திரம் அவர் பெயரிலேயே இருக்கிறது என்றால் வேறு எதையும் தொடங்காதீர்கள். முதலில் வாரிசுச் சான்றிதழ், அப்புறம் மற்ற வாரிசுகள் பங்கை விட்டுக்கொடுப்பதானால் விடுதலைப் பத்திரம், அதன் பிறகு பட்டா மாறுதல். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், 2023 ஜூலை முதல் உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. என் நாத்தனார்கள் இருவரும் மனமுவந்து கையெழுத்துப் போட்டார்கள். இருந்தும் ஒருவர் பெங்களூரிலிருந்து வர நாள் பார்த்ததிலேயே ஆறு வாரம் ஆனது. எல்லாம் முடிந்து புதிய பட்டா கைக்கு வர மூன்று மாதம். உங்கள் கணக்கிலும் மூன்று மாதம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

மனை அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். "அந்தக் காலத்தில் பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடம் இருக்கிறது" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகாது. அங்கீகாரம் இல்லாத மனை 20.10.2016க்கு முன் பதிவானது என்றால் 2017 விதிகளின்படி வரன்முறை செய்ய, அதாவது பின்னாளில் அங்கீகாரம் பெற, வழி இருக்கிறது. மாடிக்கு அனுமதி கேட்கும் முன் அந்த ஆணை கையில் இருக்க வேண்டும்.

2. வீட்டைத் தட்டிப் பாருங்கள்

எனக்குத் தெரிந்தவரை, இதில்தான் பலர் பணத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். இங்கே மிச்சம் பிடிக்கவே கூடாது. மேஸ்திரி வந்து சுவரைத் தட்டிவிட்டு "பழைய காலத்துச் சுவர்ம்மா, யானை மாதிரி நிக்கும்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, சுவர் நன்றாகத்தான் இருக்கும். கேள்வி அதற்குக் கீழே இருக்கும் அஸ்திவாரத்தைப் பற்றியும், மேலே தளத்துக்குள் இருக்கும் கம்பியைப் பற்றியும்.

கட்டமைப்புப் பொறியாளர், அதாவது ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் ஒருவரைத் தனியாக அமர்த்துங்கள். கான்ட்ராக்டரின் ஆள் வேண்டாம். அவர் எங்கள் வீட்டில் செய்தவை இவை.

முதலில் வீட்டின் இரண்டு மூலைகளில் குழி வெட்டி அஸ்திவாரத்தைத் திறந்து பார்த்தார். எங்களுடையது பில்லரே இல்லாத, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பாரம் தாங்கும் வீடு. அஸ்திவாரம் மூன்றரை அடி ஆழம்தான். மண்ணைக் கையில் பிசைந்து பார்த்தார். களிமண் கலந்த மண் என்றால் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். மடிப்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அப்புறம் தளம். ஹாலில் ஏணி போட்டு ஏறி, கூரையின் அடிப்பக்கத்தைச் சின்னச் சுத்தியலால் ஓரடிக்கு ஓரடி தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கணீரென்று ஒலி. குளியலறைக்குப் பக்கத்தில் வந்ததும் தகரத்தைத் தட்டியதுபோல டப் டப் என்றது. அங்கே பூச்சை உடைத்துச் சின்னக் குழி போட்டு, ஒரு பாட்டிலிலிருந்து பினாப்தலீன் கரைசலைத் தெளித்தார். நல்ல காங்கிரீட் உடனே இளஞ்சிவப்பாக மாறும். எங்கள் தளத்தில் கீழ்ப்பக்கம் ஓர் அங்குலம் நிறமே வரவில்லை, அதற்கு மேலேதான் சிவந்தது. கம்பி அந்த நிறமில்லாத ஓர் அங்குலத்துக்குள் இருந்தது. காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே இறங்கிக் காங்கிரீட்டின் காரத்தன்மை போய்விட்டால் கம்பிக்குப் பாதுகாப்பு கிடையாது, துருப்பிடிக்கத் தொடங்கும் என்று விளக்கினார். சுரண்டியபோது துரு இலை இலையாக உதிர்ந்தது. அந்த ஒரு குழியைப் பார்த்த பிறகுதான் என் கணவர் "சும்மா பூசிவிடலாம்" என்று சொல்வதை நிறுத்தினார்.

இதோடு காங்கிரீட்டை உடைக்காமலே அதன் தரத்தைக் கணிக்கும் ரீபவுண்ட் ஹாமர், அல்ட்ராசோனிக் என்று இரண்டு பரிசோதனைகள். எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய், அறிக்கை வரப் பத்து நாள். முடிவு இதுதான்: பழைய சுவர்மேல் மாடியை ஏற்ற வேண்டாம், வீட்டைச் சுற்றியும் உள்ளே இரண்டு இடத்திலும் புதிய ஃபுட்டிங் (பில்லருக்கான அஸ்திவாரம்) போட்டுப் பில்லர் எழுப்பி, மாடியின் பாரத்தை அவற்றில் இறக்கலாம், குளியலறைப் பக்கம் தளத்தை மட்டும் வெட்டியெடுத்துப் புதிதாகப் போடலாம். செலவு ஆறரை லட்சம் கூடியது. ஆனால் அந்த அறிக்கை இல்லாமல் போயிருந்தால் மாமியாரின் அறைக்கு மேல் என்ன நின்றிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் பதறுகிறது.

இன்னொன்று. மொட்டை மாடியில் இருக்கும் தட்டோடும் அதன் கீழே இருக்கும் செங்கல் சல்லி, சுண்ணாம்புக் கலவையும் மூன்று நான்கு அங்குலம் இருக்கும். மாடி எழுப்பும் முன் அதை முழுவதும் பெயர்த்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தேவையில்லாத பாரம். சிலர் அதன்மேலேயே தரை போட்டுவிடச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள்.

3. வெளியே மூன்றை அளந்து கொள்ளுங்கள்

சாலை மட்டம்: முப்பது ஆண்டுகளாகப் பழைய தாரைச் சுரண்டாமலே மேலே மேலே சாலை போட்டிருப்பார்கள். எங்கள் வரவேற்பறைத் தரை சாலையைவிட ஓரடி கீழே இருந்தது. 2015 டிசம்பரில் தண்ணீர் உள்ளே வந்ததற்கும் அதுதான் காரணம். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குவது ஒரு வழி. உள்ளே மண் கொட்டித் தரையை உயர்த்துவது இன்னொரு வழி. பழைய வீடுகளில் உயரம் பத்தடி இருப்பதால் ஓரடி உயர்த்தினாலும் ஒன்பது அடி மிஞ்சும். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். கதவு நிலைகளை எல்லாம் கழற்றி உயர்த்த வேண்டிவரும் என்பதை எஸ்டிமேட்டில் சேர்க்க மறக்காதீர்கள்.

மின்கம்பி: தெருவில் போகும் தாழ்வழுத்தக் கம்பிக்கும் உங்கள் புதிய பால்கனிக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேல்வாக்கில் 2.5 மீட்டர் இடைவெளி வேண்டும். மாடி வந்தால் கம்பி கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிடும்.

கழிவுநீர்: மாடியில் இரண்டு குளியலறை சேர்த்தால் பழைய செப்டிக் டேங்க் போதுமா, தெருவில் பாதாளச் சாக்கடை இணைப்பு கிடைக்குமா என்று இப்போதே கேளுங்கள். புது பில்லரின் ஃபுட்டிங் சரியாகச் செப்டிக் டேங்க் மேல்தான் விழும். எங்களுக்கு அப்படித்தான் ஆகி, வரைபடத்தை மாற்றினோம்.

4. இப்போது அழகைப் பற்றிப் பேசுங்கள்

நவீன பாணி என்றால் நேர்கோடுகள், பெரிய ஜன்னல்கள், ஹாலும் சமையலறையும் ஒரே வெளி, அலங்காரமில்லாத முகப்பு. எனக்கும் பிடித்தது அதுதான். ஆனால் படங்களில் பார்ப்பதை அப்படியே சென்னைக்குக் கொண்டுவர முடியாது.

சன்ஷேடை எடுத்துவிடச் சொல்வார்கள், முகப்பு "சுத்தமாக" இருக்கும் என்று. நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை சாய்ந்து அடிக்கும், மேற்கு வெயில் சுவரையே சுடவைக்கும். சன்ஷேடு இல்லாத ஜன்னல் இரண்டே மழையில் ஒழுகும். ஜன்னலைச் சுற்றி ஒன்றரை அடி நீட்டிய காங்கிரீட் பெட்டி போன்ற சட்டம் வைக்கலாம். பார்க்கவும் புதுமையாக இருக்கும், நிழலும் கிடைக்கும். முகப்பில் பெரிய கண்ணாடிக்குப் பதில் செங்கல் ஜாலி (துளைகள் விட்டுக் கட்டிய சுவர்) வைத்தோம். காற்று வருகிறது, தெருவிலிருந்து உள்ளே தெரிவதில்லை.

சமையலறைச் சுவரை எடுத்து ஹாலோடு சேர்க்க வேண்டும் என்றால், அது பாரம் தாங்கும் சுவரா என்பதைப் பொறியாளர் எழுத்தில் சொன்ன பிறகே கைவையுங்கள். அதைத் தாங்க பீம் போட வேண்டியிருக்கும், அதற்குத் தனிச் செலவு.

பழைய தேக்குக் கதவுகளை விற்றுவிடாதீர்கள். இடிப்பவர் "பழைய சாமான் எல்லாம் எனக்கு" என்று கூலியில் கழிக்கப் பார்ப்பார். எங்கள் வாசல் கதவை இழைத்து எண்ணெய் பூசி அதே இடத்தில் வைத்தோம். வெள்ளைச் சுவர் நடுவில் அதுதான் இப்போது வீட்டுக்கே முகம்.

5. அனுமதி

தரை மாற்றுவது, வெள்ளையடிப்பது, பூச்சு, கதவு ஜன்னல் மாற்றுவது போன்ற பராமரிப்பு வேலைகளுக்குத் திட்ட அனுமதி தேவையில்லை. மாடி எடுப்பதற்கும் பரப்பைக் கூட்டுவதற்கும் கட்டாயம் தேவை. எல்லா விண்ணப்பமும் ஒற்றைச் சாளர இணையதளத்தில்தான்.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்திருக்கிறது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும் உள்ள வீடுகளுக்கானது. நாங்கள் தொடங்கியபோது இது இல்லை. நீங்கள் விண்ணப்பிக்கும்போது, இருக்கும் வீட்டையும் சேர்த்து மொத்தப் பரப்பையும் கணக்கிட்டு, எந்த வழியில் போவது என்று பொறியாளரோடு முடிவு செய்யுங்கள். விதிப்படி கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போடுவது நீங்கள், பின்னால் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்.

மொத்தப் பரப்பு பெரும்பாலும் சிக்கலாகாது, மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு வரை கட்டலாம். சிக்கல் பக்கவாட்டுக் காலி இடத்தில்தான். பழைய வீடுகள் ஒரு பக்கம் காம்பவுண்டை ஒட்டியே கட்டப்பட்டிருக்கும். வெளிப் படிக்கட்டும் அந்தச் சந்தில்தான் இருக்கும். கீழே இருப்பதால் மேலேயும் அப்படியே எழுப்பலாம் என்று நினைக்காதீர்கள். மாடியைத் தேவையான அளவு உள்வாங்கிப் போடுங்கள். படிக்கட்டை வீட்டுக்குள் கொண்டு வாருங்கள். மழைநீர் சேகரிப்பையும் வரைபடத்திலேயே காட்ட வேண்டும், 2003லிருந்தே தமிழகத்தில் அது கட்டாயம்.

6. பணமும் ஒப்பந்தமும்

முப்பது லட்சத்தில் முடிக்க நினைத்தோம். நடந்த கணக்கு இது: மாடி 950 சதுர அடி, சதுர அடிக்கு 2,500 வீதம் 23.75 லட்சம். பில்லர், ஃபுட்டிங், பழைய தளம் சீர்செய்தது 6.5 லட்சம். கீழ்த்தளத்துத் தரை, குளியலறை, வயரிங், குழாய்கள் 7 லட்சம். படிக்கட்டு, முகப்பு, காம்பவுண்ட் 3 லட்சம். பரிசோதனை, வரைபடம், கட்டணங்கள் 2.25 லட்சம். 11 மாத வாடகை, மாதம் 18,000 வீதம் கிட்டத்தட்ட 2 லட்சம். மொத்தம் 44 லட்சத்தைத் தாண்டியது. இது 2024ம் ஆண்டுக் கணக்கு.

சதுர அடி ரேட் மாடிக்குச் சரி, ஏனென்றால் அது புது வேலை. கீழ்த்தளத்துக்கு அது ஒத்துவராது. உடைத்துப் பார்த்தால்தான் என்ன இருக்கிறதென்று தெரியும். அதற்கு வேலைவாரியாக ரேட் எழுதி வாங்குங்கள்: பூச்சு உடைப்பது சதுர அடிக்கு எவ்வளவு, கட்டடக் கழிவு ஒரு லோடுக்கு எவ்வளவு, டைல்ஸ் ஒட்டுவது எவ்வளவு என்று.

மாடி ஒப்பந்தத்திலும் "சதுர அடி" என்பதில் எது சேரும் என்று எழுத வேண்டும். பால்கனி முழுதாகவா, பாதியா? படிக்கட்டு மேல் வரும் ஹெட்ரூம்? சம்ப் (தரைக்கு அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி), முகப்பு வேலை, கைப்பிடிச் சுவர் தனியா? கம்பி, சிமென்ட் எந்த பிராண்டு, டைல்ஸ் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை? எங்கள் முதல் கான்ட்ராக்டர் இவற்றை வாயால் சொன்னார், எழுதித் தரவில்லை. அவரோடு மூன்றாவது மாதமே பிரிய நேர்ந்தது. அவர் வாங்கியிருந்த முன்பணத்தில் ஒரு லட்சம் திரும்பவில்லை. முன்பணம் ஐந்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு கட்ட வேலையும் முடிந்த பிறகே அடுத்த தவணை. கடைசி ஐந்து சதவீதத்தை ஒரு மழைக்காலம் கடக்கும்வரை கையில் வைத்திருப்போம் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.

7. மாதக் கணக்கு

ஆவணி வாக்கில் பத்திர வேலைகளைத் தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பரிசோதனையும் வரைபடமும். மழையில் வீடு எங்கே ஒழுகுகிறது என்பதும் அப்போதுதான் தெரியும். தையில் அனுமதி கையில் இருந்தால் பொங்கல் முடிந்து வேலை தொடங்கலாம். மார்கழியில் யாரும் பூஜை போடமாட்டார்கள், அதனால் தையில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆள் தேடுவார்கள். மார்கழியிலேயே மேஸ்திரியை உறுதி செய்துவிடுங்கள். மேல்தளம் வைகாசிக்குள் போட்டாகிவிட வேண்டும். கோடையில் தண்ணீர்தான் பாடு, போர் வற்றினால் லாரித் தண்ணீர். அதற்கு மாதம் ஒரு தொகை ஒதுக்குங்கள். ஐப்பசி மழைக்குள் வெளிப்பூச்சும் மாடித் தரையின் நீர்த்தடுப்பும் முடிந்திருக்க வேண்டும்.

8. வேலை நடக்கும்போது

ஒரு நோட்டு வாங்கி, வந்த ஆட்கள், இறங்கிய சரக்கு, கொடுத்த பணம் எல்லாம் தேதியோடு எழுதுங்கள். சுவருக்குள் போகும் வயர், குழாய்களை மூடும் முன் போனில் படம் எடுத்து வையுங்கள்.

காங்கிரீட் போடும் நாளில் பொறியாளர் நேரில் வர வேண்டும். கம்பியின் கீழே கவர் பிளாக் (கம்பியைப் பலகையில் படாமல் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டி) இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். எங்கள் பழைய தளம் கெட்டதே கம்பிக்குப் போதுமான கவர், அதாவது கம்பியை மூடும் காங்கிரீட், இல்லாததால்தான். கலவையில் தண்ணீர் கூட்ட விடாதீர்கள், வேலை சுலபமாகும், பலம் போகும். அதே கலவையில் சோதனைக் கட்டிகள் எடுத்து 7 நாள், 28 நாள் பலச் சோதனை முடிவு வாங்குங்கள். மேல்தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீரைத் தேக்கி வையுங்கள். முட்டுகளை ஆள் பற்றாக்குறை என்று சீக்கிரம் பிரிக்கச் சொல்வார்கள். இரண்டு தாங்கல்களுக்கு இடையே பதினைந்து அடிக்கு மேற்பட்ட தளத்துக்கும், இருபதடிக்குள் உள்ள பீமுக்கும் குறைந்தது 14 நாள் முட்டு நிற்க வேண்டும், இருபதடிக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள்.

பழையதும் புதியதும் சேரும் இடத்தில் மிகக் கவனம் வேண்டும். பழைய அஸ்திவாரம் மண்ணில் அமர்ந்து முடிந்துவிட்டது, புதியது இனிமேல்தான் அமரும். இரண்டையும் சும்மா ஒட்டிப் பூசினால் அந்தக் கோட்டில் விரிசல் விழுந்தே தீரும். எங்கே இடைவெளி விட்டு நிரப்புவது, எங்கே கம்பி துளைத்து இணைப்பது என்று பொறியாளர் வரைபடத்தில் காட்ட வேண்டும். பில்லரும் செங்கல்லும் சேரும் இடமெல்லாம் பூச்சுக்கு முன் கோழிவலை அடியுங்கள்.

மின்சாரம்: 2,000 சதுர அடிக்கு மேல் கூடுதலாகக் கட்டினால் தற்காலிக இணைப்பு தனியாக வாங்க வேண்டும். மாடியில் ஏசி வரும் என்றால் மும்முனை இணைப்புக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள்.

9. குடிபுகுந்த பிறகு

சொத்து வரியைப் புதிய பரப்புக்கு மறுமதிப்பீடு செய்ய நீங்களே விண்ணப்பியுங்கள். பின்னால் கண்டுபிடித்து நிலுவையோடு கட்டச் சொல்வதைவிட அது நல்லது. கடன் வாங்கியிருந்தால் வங்கிப் பொறியாளரின் கடைசிப் பார்வை, வீட்டுக் காப்பீட்டுத் தொகையை உயர்த்துவது இரண்டும் பாக்கி இருக்கும். அனுமதி வரைபடம், பரிசோதனை அறிக்கை, கம்பி வரைபடம், குழாய்ப் படங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.

பிடித்து வைத்த ஐந்து சதவீதத்தைக் குடிபுகும் நாளில் கொடுத்துவிடாதீர்கள். 2024 அக்டோபர் நடுவில் கொட்டிய மழையில், பழைய சுவரும் புதுப் பில்லரும் சேரும் இடத்தில், மாமியாரின் கட்டிலுக்கு மேலே ஓர் ஈரக்கோடு தெரிந்தது. இரண்டாவது கான்ட்ராக்டர் நான்கு நாளில் ஆள் அனுப்பி, வெளிப்பக்கம் அந்த இணைப்பைக் கீறித் திறந்து, சீலன்ட் அடைத்து, மேலே வலையோடு பூசிக் கொடுத்தார். அதன் பிறகு ஃபெங்கல் புயல் மழையும் வந்துபோனது, சுவர் காய்ந்தே இருந்தது. பொங்கலுக்கு முந்தின வாரம் அவர் பணத்தைக் கணக்குத் தீர்த்தோம்.